மண்டகப்படி இல்லாத ஊர்வலம்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை.

போன வாரம் 2005இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. பொங்கல் லீவில் 14 பைக்குகள். இரவு 9 மணிக்குத் தேரடியில் கிளம்புவது. புதுச்சேரி போய்க் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது. விடிவதற்குள் தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் சூரிய உதயம். "ஒரே ராத்திரி, ஒரே மூச்சு" என்று தலைப்பு வேறு. எல்லோரும் நெருப்புப் படமும் கைதட்டல் படமும் போட்டார்கள். நான் மட்டும் கட்டைவிரலைக் கீழே காட்டும் படத்தைப் போட்டேன்.

"சார், வயசாயிடுச்சு உங்களுக்கு" என்று ஒருவன். "சார் டிவிஎஸ் 50லயே இருக்கார்" என்று இன்னொருவன். சிரித்துக்கொண்டேன். ஆனால் ஒரு பெண் மட்டும், "ஏன் சார் வேண்டாங்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் என்ன வாத்தியார்? அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. நான் பைக் பயணத்துக்கு எதிரி இல்லை. நம் ஊர் மலையைப் பார்த்தே வளர்ந்த ஊர். கடல் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் தாண்டிச் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். எழுதிப்போட்ட கரையைப் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள் என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் யார்? போங்கள். கண்டிப்பாகப் போங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் கடலே இல்லை.

எப்படி என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி 500 கிலோமீட்டருக்குக் குறையாது. இரவு 9 மணிக்குக் கிளம்பிக் காலை ஆறரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், எங்கும் நிற்காமலேயே மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேண்டும். பெட்ரோல், டீ, ஒதுங்குவது, ஊருக்குள் வேகத்தடை எல்லாவற்றையும் கழித்தால், திறந்த சாலையில் 80க்குக் குறையாமல் ஓட்டினால்தான் முடியும். இருட்டில். மாடு படுத்திருக்கும் சாலையில். மணல் சிதறிய வளைவுகளில். தை மாதம் டெல்டாவில் அறுவடைக் காலம் வேறு. சாலையிலேயே நெல்லைக் காயவைத்து ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். வைக்கோல் கிடக்கும். பகலில் பார்த்தால் அழகு. இரவில் அதே கல் ஆளைத் தூக்கி எறியும்.

இத்தனையும் செய்து போனால் என்ன பார்ப்பீர்கள்? இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்பது பெயர்தானே தவிர, அது கடல் தெரியும் சாலை அல்ல. பெரும்பாலான இடங்களில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, உப்பளம், கழிமுகம், இறால் குட்டை, மீனவர் குப்பம் என்று ஏதாவது இருக்கும். டெல்டாவில் கடல் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். நேராக ஓட்டிக்கொண்டே இருந்தால் பகலிலேயே கடல் கண்ணில் படாது. இடது பக்கம் பிரியும் சிறிய சாலையில் வண்டியைத் திருப்பினால்தான் கடல். ஆக, இந்தப் பயணத்தில் ஓட்டம் என்பது இணைப்புக் கயிறு மட்டும். பூ என்பது நிற்கிற இடங்கள். நீங்கள் பூவை எல்லாம் உதிர்த்துவிட்டு நாரை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு வரப் போகிறீர்கள்.

இதை ஒரு மாணவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். உங்களுக்குச் சில வருடம் சீனியர். "பேர் வேணாம் சார், விஷயத்தை எழுதுங்க" என்று அனுமதி கொடுத்திருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு ராத்திரிப் பயணம். கிளம்பும்போது வேகமானியைப் படம் பிடித்து முகநூலில் போட்டிருந்தான். முள் நூறைத் தாண்டியிருந்தது. "கடல் எங்களை அழைக்கிறது" என்று எழுதியிருந்தான். தமிழ் நன்றாக வந்திருக்கிறதே என்று நான் ஒரு லைக் போட்டேன். போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

விடியற்காலை 4 மணிக்கு எங்கோ ஒரு பாலத்துக்கு முன்னால் கண் அசந்திருக்கிறான். இடது கால் மூன்று இடத்தில் முறிவு. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனுக்குத் தோள்பட்டை. இரண்டு பேரும் பிழைத்தது அண்ணாமலையார் புண்ணியம். இன்று நம் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். ஒருநாள் ஓய்வூதியத் தாள்களை நகல் எடுக்கப் போனபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "எதுவரைக்கும்பா போனீங்க அன்னைக்கு?" அவன் சொன்னான்: "நாகப்பட்டினம் தாண்டிட்டோம் சார். ஆனா கடலைப் பார்த்தோமான்னு கேட்டா, பார்க்கல சார். லைட் வெளிச்சமும் முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்கும்தான் ஞாபகம் இருக்கு."

அந்த லைக்கை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் போட்டது இல்லை என்று ஆகிவிடுமா? அதற்குப் பரிகாரமாகத்தான் போன வாரம் கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

சரி, வாத்தியார் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. வேறு வழி சொல்ல வேண்டும். அதை நம் பக்கத்துச் சாமிகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மாசி மகத்துக்கு நம் வட்டாரத்துச் சாமிகள் கடலுக்குப் போகும். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக்கு வருவார். அங்கே முஸ்லிம் பெரியவர்கள் மாலை போட்டு மரியாதை செய்வது இன்றும் நடக்கும் வழக்கம். யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் இருக்கிற சாமி வருடத்துக்கு ஒருமுறை கடல் பார்க்கப் போகிறது. எப்படிப் போகிறது? ஒரே மூச்சிலா? வழியெல்லாம் மண்டகப்படி. ஊருக்கு ஊர் நிற்கும். தீபாராதனை வாங்கும். அந்த ஊர்க்காரர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்புறம்தான் அடுத்த ஊர். மண்டகப்படி இல்லாமல் வேகமாகத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் ஊர்வலமா? சாமியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே துரத்தும்!

நம் கிரிவலமும் அப்படித்தான். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறோம். "எத்தனை நிமிஷத்துல முடிச்சே?" என்று யாரும் கேட்பதில்லை. "எமலிங்கத்துல கூட்டமா? வாயுலிங்கத்துல காத்து எப்படி?" என்றுதான் கேட்போம். திருவண்ணாமலைக்காரனுக்குப் பயணம் எப்படிப் போவது என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே என் திட்டம் இது. முதலில் நிற்கும் இடங்களைக் குறியுங்கள். பிறகு அவற்றை இணைக்கும் சாலையைப் பாருங்கள். நீங்கள் செய்திருப்பது தலைகீழ். வடக்கிலிருந்து தெற்கே போவதில் இன்னொரு வசதி உண்டு. கடல் நம் இடது கைப் பக்கம் இருக்கும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கலாம், திரும்பலாம், நிற்கலாம்.

முதல் நாள். விடிந்த பிறகு, 6 மணிக்குக் கிளம்புங்கள். செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம். முதல் மண்டகப்படி உப்பளம். பாத்தி பாத்தியாகக் கடல் நீரைக் கட்டி, வெயிலில் வற்றவைத்து, உப்பை வாரிக் குவிக்கும் வேலையைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண் கூசும் வெயிலில் அந்தத் தொழிலாளர்கள் நிற்கிற நிலையைப் பார்த்தால் சாப்பாட்டில் உப்பை வீணாக்க மனம் வராது. அங்கிருந்து வடக்கே கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் உடைக்கப்பட்ட செங்கல் கோட்டை. கழிமுகமும் கடலும் மணல்திட்டும் ஒன்றாகத் தெரியும் இடம். திரும்பித் தெற்கே வந்தால் கழுவெளி ஏரிப் பகுதி. தை மாதத்தில் பறவைகள் இருக்கும். மாலைக்குள் புதுச்சேரி.

புதுச்சேரி என்றதும் உங்களில் சிலர் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். குடித்தவன் அன்று இரவும் மறுநாள் காலையும் வண்டியைத் தொடக்கூடாது. ராத்திரி குடித்தது காலை 6 மணிக்கு இறங்கியிருக்கும் என்பது உங்கள் நம்பிக்கை. உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது. வழியில் காரைக்காலும் வரும். அங்கேயும் இதே விதிதான்.

இரண்டாம் நாள். காலையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம். ரோமாபுரியோடு நாம் வாணிபம் செய்ததற்கு மண்பாண்டச் சாட்சி கிடைத்த இடம். இப்போது போனால் மரங்களும் ஒரு பழைய செங்கல் சுவரும்தான். "இதுக்கா சார் வந்தோம்?" என்று கேட்பீர்கள். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் கேட்க மாட்டீர்கள். பிறகு கடலூர் வழியாகப் பிச்சாவரம். படகுக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போங்கள். வேர் எப்படித் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடுகிறது என்று பத்தாம் வகுப்பில் நான் பலகையில் வரைந்தது நினைவிருக்கிறதா? என் படம் எவ்வளவு மோசம் என்று அங்கே தெரியும். 2004 சுனாமியில் இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது.

அங்கிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகப் பூம்புகார். பாடப்புத்தகத்தில் படித்த காவிரி கடலில் கலக்கும் இடத்தில் எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று பாருங்கள். இரவு தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழ் படித்து, சில ஆண்டுகளிலேயே தமிழில் புத்தகம் அச்சிட்ட ஊர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் இங்கே அச்சாகி முடிந்தது. கோட்டைக்குப் பக்கத்தில் கடல் அரித்துப்போன மாசிலாமணி நாதர் கோயில். சாயங்காலம் அந்தத் திடலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

மூன்றாம் நாளை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறேன். ஏனென்றால் இந்த நாளில் நிற்க வேண்டிய இடங்கள் கனமானவை. நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஒரே கடற்கரையில் தர்காவும் கோயிலும் மாதா கோவிலும். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிறகு சுனாமி நினைவிடங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. நீங்கள் அப்போது பிளஸ் டூ. அரையாண்டு விடுமுறை. பள்ளி திறந்ததும் வீடு வீடாகப் போய்ப் பழைய துணியும் அரிசியும் சேகரித்தோமே, லாரியில் ஏற்றி அனுப்பினோமே, அது இந்தக் கரைக்குத்தான் வந்தது. அதை இறக்கிய மண்ணில் இருபது வருடம் கழித்து ஒருமுறை காலை ஊன்றி நிற்க வேண்டாமா? அங்கே செல்ஃபி வேண்டாம். மீனவர் குப்பத்துக்குள் வண்டியை உறுமவிட்டுக்கொண்டும் போக வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கருவாடு வாங்குங்கள். விலை பேசாதீர்கள்.

அப்புறம் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானார். இதை மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்பீர்கள். படிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. யாத்திரிகர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தோர்ன் மிரட்டியிருந்தார். சனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். போடுகிற கை தெரியாது, பசி ஆறும். அந்தப் பதினைந்து நாளும் ஊருக்கு ஊர் மண்டகப்படிதான். ஒரே மூச்சில் ரயிலில் போய் உப்பு அள்ளியிருந்தால் வழியில் இருந்த ஊர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. அடுத்துக் கோடியக்கரை. வெளிமானும் குளிர்காலத்தில் பூநாரையும் காணக் கிடைக்கும் சரணாலயம். இரவு வேதாரண்யத்தில் தங்கல்.

நான்காம் நாள்தான் நீளமானது. 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மூன்றாம் நாளைச் சிறிதாக வைத்தது இதற்குத்தான். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டி மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் கடற்கரையில் எதற்கு நினைவுச்சின்னம் என்று விவாதம் செய்யுங்கள். மதிப்பெண் தருகிறேன். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று போய் இராமநாதபுரத்தில் தங்குங்கள். இந்தப் பகுதியில் பெட்ரோல் பாதி இருக்கும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் காலையில் பாம்பன் பாலம். கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். கை இறுக்காமல், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பாலத்தின் மேல் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். பிறகு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும் ரயிலும் சேர்ந்து போன இடம். அந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் நிற்கின்றன. இருட்டிய பிறகு அங்கே வண்டிகளை அனுமதிப்பதில்லை. உங்கள் திட்டப்படி இரவெல்லாம் உயிரைப் பணயம் வைத்துப் போனாலும் சோதனைச் சாவடியில்தான் சூரிய உதயம் பார்த்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. "சார், நீங்க ரிட்டையர்டு. உங்களுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஏது ஒரு வாரம் லீவு?"

நியாயமான கேள்வி. திரும்பி வர மதுரை, திருச்சி வழியாக இன்னும் இரண்டு நாள் வேண்டும். ஆக ஒரு வாரம். கம்பெனியிலும் கடையிலும் அது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரே ராத்திரி என்று நீங்கள் யோசித்ததே லீவு இல்லாததால்தான், திமிரால் அல்ல. அதனால் என் பதில் இது: தூரத்தைக் குறையுங்கள், நிற்பதைக் குறைக்காதீர்கள். மூன்று நாள்தான் இருக்கிறதா? முதல் இரண்டு நாள் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் தரங்கம்பாடியிலிருந்து சிதம்பரம், விழுப்புரம் வழியாக வீடு திரும்புங்கள். மீதியை அடுத்த வருடம் நாகூரிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள்தான் இருக்கிறதா? மரக்காணம், ஆலம்பரை போய் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். தனுஷ்கோடி வரை போனேன் என்று சொல்ல முடியாதுதான். அதனால் என்ன? யாரிடம் சொல்வதற்காகப் போகிறோம்?

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் தனியாக எனக்கு இன்னொன்றும் அனுப்பியிருந்தாள். "எங்ககிட்டயும் ஸ்கூட்டர் இருக்கு சார். இவங்க எங்களைக் கூப்பிடவே இல்ல" என்று. வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். சுற்றுலா என்றதும் அந்தப் பாதி எங்கே போனது? இரவுப் பயணம் என்று போட்ட உடனே அவர்கள் தானாகவே கழிந்துவிட்டார்கள். பகல் பயணம், சுத்தமான கழிப்பறை உள்ள நிறுத்தங்கள், முன்பதிவு செய்த தங்குமிடம் என்று மாற்றிப் பாருங்கள். அவர்களும் வருவார்கள். வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, பிள்ளை என்று குடும்பமாகவும் வரலாம். கழிப்பறை எங்கே என்று கேட்காமல் போட்ட திட்டம் பாதிப் பேருக்கான திட்டம்.

இனி சில விதிகள். வாத்தியார் என்றால் விதி சொல்லாமல் விடுவாரா?

மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் எல்லோர் வேகம். பள்ளிச் சுற்றுலாவில் குட்டையான பிள்ளைகளை முன்னால் நிறுத்துவோமே, அந்தக் கணக்கு. வண்டி வேலை தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

40, 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டாயம் நிற்க வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் வண்டி சாலையில் இருக்கக்கூடாது.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். பட்டையைப் போடாத ஹெல்மெட் தலையில் வைத்த சொம்பு மாதிரி. விழும்போது அது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

கிளம்பும் முன் டயர், பிரேக், செயின் பார்த்துவிடுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று இரும்பை விடாது.

ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். புயல் காலம். சித்திரை, வைகாசி வெயில் ஆளை வாட்டும். தையும் மாசியும்தான் சரி. ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம். கடற்கரை எல்லாம் தலைகள்தான் தெரியும். அது முடிந்த மறுநாள் கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. ஓடும் வண்டியிலிருந்து படம் எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். வேகமானிப் படம் அனுப்பினால் பார்க்கக்கூட மாட்டேன். உப்பள அம்மாவின் கை, பிச்சாவரத்து வேர், தரங்கம்பாடித் திடலில் நீங்கள் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற படம் என்று அனுப்புங்கள். எத்தனை லைக் வேண்டுமானாலும் போடுகிறேன்.

இதைப் படித்த பிறகும் "ஒரே ராத்திரி" என்றுதான் போவோம் என்றால் உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிரம்பைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பகலில் போவதாக முடிவு செய்தால் ஒரு சேதி சொல்லுங்கள். அன்று அதிகாலையே பஸ் பிடித்து மரக்காணம் வந்துவிடுகிறேன். வீட்டில் புளியோதரை கட்டித்தரச் சொல்லியிருக்கிறேன். 14 வண்டி என்றால் 28 பேருக்கு, ஸ்கூட்டர்களும் சேர்ந்தால் இன்னும் கூட. முதல் மண்டகப்படி என்னுடையது.

ஜெராக்ஸ் கடைக்காரனிடமும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் என்னோடு வருகிறானாம். "கடலைப் பகல்ல பார்க்கணும் சார்" என்றான்.

அன்புடன்,
உங்கள் புவியியல் சார்
திருவண்ணாமலை